இறங்கும் பொத்தான்

ஜெனிபர் பியூஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கருகியிருந்தது.

மதியம்தான் அவள் அப்பா எபினேசரை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து வாசல் சாமியானாவுக்கு அடியில் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். மாடியில், நடக்க முடியாத அம்மா சுகிர்தா சக்கர நாற்காலியில் காத்திருந்தாள். அவள் இன்னும் முகம் பார்க்கவில்லை. நான்கு மணிக்கு அடக்கம். இப்போது மூன்றேகால்.

வெளிச்சுவரை ஒட்டி ஏறி இறங்கும் அந்த லிஃப்ட், கும்மிடிப்பூண்டி இரும்பு மில்லில் எலக்ட்ரீஷியனாக இருந்த எபினேசர் கட்டியது. பழைய ஃபோர்க்லிஃப்ட் மோட்டார், இரண்டு லாரி பேட்டரி. ஏற ஒரு காண்டாக்டர், அதாவது காந்த சுவிட்ச், இறங்க ஒன்று. இரண்டும் ஒருசேரப் பிடிக்காது. ஒன்று விட்டபின் மற்றது பிடிக்க ஐந்து வினாடி ஆகும். சுற்றும் மோட்டாரைச் சட்டென்று எதிர்ப்பக்கம் திருப்பினால் கரண்ட் கரைபுரண்டு வரும். அந்த ஐந்து வினாடியில் அவர் பக்கத்தில் நின்று ஏதாவது வம்பு பேசுவார். அதற்காகவே சுகிர்தா மேலே ஒன்று, கீழே ஒன்று என்று மாற்றி மாற்றி அமுக்கியதும் உண்டு.

இன்று அதில் டீ கேன் ஏறி இறங்கியது. துக்கத்துக்கு வந்தவர்களுக்கு எல்லாவற்றிலும் பொறுமை இருந்தது, டீயில் தவிர. தாய்மாமன் வசந்தகுமார் அந்த ஐந்து வினாடி பொறுக்காமல் துடைப்பக் கட்டையால் காண்டாக்டரையே குத்தி அமுக்கிவிட்டார்.

"பட்டன அமுக்குனா ஓடல. சும்மா ஒரு ஹெல்ப் பண்ணேன்."

"உங்க ஹெல்ப்பு கருகிப்போய் கையில கீது மாமா."

"செம்பு ஒயர முறுக்கிப் போடு, ஓடும்."

"ஓடும். அப்பறம் மோட்டாரு எரியும், அம்மா நடுவுல இருப்பாங்க."

"அப்ப நாலு பேரு சேரோட தூக்கினு வந்துர்றோம்."

மேலேயிருந்து சுகிர்தாவின் குரல் வந்தது. "டேய் வசந்து. என்னிய ஒருத்தன் தூக்கக் கூடாதுன்னுதான் மனுசன் லீவு நாளு பூரா இதோட கெடந்தாரு. தூக்கறதுன்னா உம்பொண்டாட்டியத் தூக்கு, போ."

இரண்டு பேர் வாயைத் துண்டால் மூடிக்கொண்டார்கள்.

ஜெனிபர் மில்லுக்கு போன் போட்டாள். மூன்று நாற்பதுக்கு, அப்பாவோடு வேலை பார்த்த அன்புசெல்வன் பைக்கில் வந்து இறங்கினார். தோளில் மாலை, சட்டைப்பையில் பியூஸ்.

"அது அண்ணனுக்கு. இது உனக்கும்மா."

பியூஸைப் பொருத்தினாள். மேலே அம்மாவோடு இருந்த அத்தை நாற்காலியை லிஃப்ட் தட்டில் ஏற்றித் தடுப்புக் கம்பியைப் போட்டாள். சுகிர்தா பொத்தானை அமுக்கினாள். அமுக்கிப் பிடித்திருக்கும் வரைதான் ஓடும். விரலை எடுத்தால் நின்றுவிடும். லிஃப்ட் இறங்கியது.

சாமியானாத் துணியைத் தாண்டியதும் பெட்டியில் எபினேசரின் முகம் தெரிந்தது. லிஃப்ட் நின்றது.

அவள் பாதங்கள் ஆட்களின் தலை உயரத்தில் இருந்தன. அவள் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டி மூடியைச் சுவரோரம் தயாராகச் சாய்த்து வைத்திருந்தார்கள். பாஸ்டர் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"மறுபடி பூட்ச்சா?" என்றார் வசந்தகுமார்.

ஜெனிபர் அண்ணாந்து பார்த்தாள். அம்மாவின் விரல் பொத்தானுக்குப் பக்கத்தில், நாற்காலிக் கையின்மேல் இருந்தது.

"ஆமா மாமா. கொஞ்சம் டைமாவும்."

அன்புசெல்வன் லிஃப்டின் சுவிட்ச் பேனலை ஒரு தரம், அவளை ஒரு தரம் பார்த்தார். ஸ்க்ரூடிரைவரை எடுத்து நீட்டினார். ஜெனிபர் குனிந்து, இறுகியிருந்த திருகு ஒன்றை மெதுவாகத் தளர்த்தத் தொடங்கினாள்.