மழை இருப்பில் வெறுங்கட்டம்

எங்கள் தோட்டத்து மழையை நிறுத்தியவன் நான்தான். லயத்துக் கோயிலில் இரண்டு பூசை வைத்தும் நிற்காத மழை, கணினியில் நான் போட்ட ஒரு சூத்திரத்துக்கு நின்றுவிட்டது.

2003ஆம் ஆண்டு நவம்பர் மாதம். அப்புத்தளைக்கும் பெரகலைக்கும் நடுவில் தொங்கும் தேயிலைத் தோட்டமொன்றில் நான் பெரிய கிளாக்கர். தோட்ட அலுவலகமான கந்தோருக்குக் கணினி வந்து ஆறு மாதம். பதுளைக்கு ஒரு வாரப் பயிற்சிக்குப் போய்வந்த பிறகு, ஊவா மாகாணத்தில் என்னைவிடக் கெட்டிக்காரன் இல்லையென்று நானும் மனைவியும் நம்பியிருந்தோம். அவள் சீக்கிரமே தெளிந்துவிட்டாள்.

மழைக்கென்று ஒரு தாள் செய்திருந்தேன். திகதி, மழை, மண்ணில் ஊறிய நீரின் இருப்பு என்று மூன்று நிரல்கள். மழை பெய்த நாளில் அந்த அளவு முதல்நாள் இருப்போடு கூடும். பெய்யாத நாளில் மண் கொஞ்சம் வடிந்திருக்கும் என்று பத்து கழியும். இருப்பு முந்நூறைத் தாண்டினால் மலை சரியலாம், கீழ் லயத்து வரிசைவீடுகளில் இருக்கும் சனங்களைப் பாடசாலைக்கு மாற்றவேண்டும், தாண்டாவிட்டால் ஒருவரையும் அசைக்கவேண்டாம் என்பது தோட்ட முகாமையாளரான துரையின் கட்டளை. கட்டம் வெறுமையாக இருந்தால் என்ன செய்வது? மழையில்லை என்று எடுத்துக்கொள் எனக் கணினிக்கு நானே சொல்லிவைத்தேன்.

பத்தொன்பதாம் திகதி காலை, கீழ் லயத்தில் கடைசி அறையான காம்பராவில் குடியிருக்கும் றோசாலி கந்தோர் வாசலில் வந்து நின்றாள். முதுகிலிருந்த கொழுந்துக் கூடையைக்கூட இறக்கவில்லை.

"கிளாக்கரையா, ஊட்டுச் செவுரு கை நொழையிற மாதிரி வெடிச்சிருக்குங்க. அடுப்புக்குள்ளாற தண்ணி ஊறுது. ரெண்டு புள்ளைகளையும் உள்ள விட்டுட்டுத்தான் மலைக்கு வந்தேன். நாங்க இருக்கிறதா, போறதா?"

"கணக்கின்படி நூற்று அறுபத்தெட்டு மில்லிமீற்றர்தான், பிள்ளை. பயப்படத் தேவையில்லை."

"அந்த மில்லிமீட்டர் எங்க அடுப்புக்குத் தெரியலீங்களே."

நான் சிரித்தேன். என் சப்பாத்துகள் மேசைக்கடியில் தண்ணீர் கக்கிக்கொண்டிருந்தன. முதல்நாள் குடை முறிந்து, முழுதாக நனைந்துதான் வீட்டுக்குப் போனேன். ஆனால் தாளில் அன்று வெயில். இருப்பில் பத்து குறைந்திருந்தது.

சிரிப்பை அவசரமாக முடித்துக்கொண்டு மழைக் கொப்பியை எடுத்தேன். தொழிற்சாலைக் காவல்காரர் இராமையா தினமும் காலையில் மழைமானியைப் பார்த்து அதில் எழுதுவார். நான் பார்த்துக் கணினியில் ஏற்றுவேன். செப்டெம்பரில் மழை பெய்யாத நாள்களுக்கெல்லாம் அவர் அழகாகச் சுழித்து 0 போட்டிருந்தார். இந்த மாதம் ஐந்து நாள்களில் அந்த 0கூட இல்லை. வெறும் கட்டம்.

ஆளனுப்பினேன். வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"இராமையா, இதுகளை ஏன் வெறுமையா விட்டனீங்கள்?"

"எழுத வேண்டியத எழுதியிருக்கேனுங்க."

"அந்த நாள் மழைமானியடிக்குப் போகேல்லையோ?"

"போகாம இருப்பேனுங்களா?"

"அப்ப மழை பெய்யேல்லை?"

"ஐயா பாக்காத மழையாங்க."

கந்தோர்ப் பீலியில் காலையிலிருந்து மலைத்தண்ணீர் சாயம் கூடிய தேத்தண்ணி நிறத்தில் விழுந்துகொண்டிருந்தது. மேலே எங்கோ கல்லொன்று உருண்டது. மூவரும் கேட்டோம்.

"உங்கட வேலைக்கு ஒண்டும் வராது. பிழை என்னுடையதெண்டு துரைக்கு எழுதித் தாறன். சொல்லுங்கோ."

அவர் தொப்பியை ஒருமுறை பிழிந்தார்.

"போன மாசம் ஒரு நா 'நெறஞ்சிருச்சி'ன்னு எழுதுனேனுங்க. எழுத்துப் போட்டா மெசினு கொழம்புது, நம்பர் இருந்தா எழுது, இல்லாட்டி சும்மா விடுன்னு ஐயாதான் ஏசுனீங்க."

ஏசியது நினைவிருந்தது. அந்த ஒரு சொல்லால் இருப்பு நிரல் முழுவதும் பிழை காட்டி, துரைக்கு முன்னால் என் கெட்டிக்காரத்தனம் கப்பலேறிய நாள் அது. ஆனால் எது நிறைந்தது என்று நான் கேட்டிருக்கவில்லை. இப்போது கேட்டேன்.

"மழைப் போத்தலுங்க. நூறு வரைக்குந்தான் கோடு. அதுக்கு மேல வழிஞ்சா சுத்தியிருக்குற வெளித்தகரத்துல நிக்கணும். தகரம் ஓட்டைங்க. மண்ணுக்குள்ள போயிருது. மண்ணுக்குள்ள போனத எந்த நம்பர்ல எழுதறது?"

நான் எழும்பிய வேகத்தில் கதிரை விழுந்தது.

"றோசாலி, கூடையை இறக்கு! ஓடு, பிள்ளைகளை எடு. லயம் முழுக்கப் பாடசாலைக்குப் போகவேணும், நான் சொன்னதெண்டு சொல்லு. துரையோட நான் பேசுறன்."

கூடை வாசலிலேயே கவிழ்ந்து கிடந்தது. அவள் ஏற்கெனவே படியிறங்கியிருந்தாள். ரெலிபோனைக் கையிலெடுத்தபடி இராமையாவிடம் கேட்டேன்:

"போத்தல் வழிஞ்சது எந்தெந்த நாள்?"

"காலியா கெடக்குற எல்லா நாளுந்தாங்க."