தானாக எரிந்த கேமரா விளக்கு

என் வீட்டுக்காரர் ஜெயகணேஷுக்குத் தூத்துக்குடியில் பாத்திரக்கடை. சரக்கு எடுக்கும்போது ஒரு டம்ளரை நாலு தரம் தட்டிப் பார்த்து வாங்குகிற மனுஷன், கம்ப்யூட்டரில் இலவசம் என்ற சொல்லைக் கண்டால் மட்டும் வாயைப் பிளந்துவிடுவார். நான் இந்துமதி. துறைமுகத்தில் ஒரு கப்பல் சரக்குக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடியே ஏற்றுமதிப் பேப்பர்கள் தயாரிக்கிறேன். எங்கள் வீட்டில் ஏசி இருப்பது படுக்கையறையில் மட்டும்தான். அதனால் என் லேப்டாப்பும் அங்கேதான், கட்டிலையும் பீரோவையும் பார்த்தபடி நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும்.

ஆயுத பூஜை அன்று கடையில் தராசு, கல்லாப்பெட்டி, பைக் என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு, சந்தனக் கிண்ணத்தோடு என் லேப்டாப்புக்கும் வந்தார். ஸ்கிரீனில் விரல் பட்டால் கையை ஒடித்துவிடுவேன் என்று கத்தினேன். விளிம்பில் அவசரமாக ஒரு பொட்டை அப்பிவிட்டு ஓடிவிட்டார். பூஜைப் பொட்டைத் துடைக்கக் கூடாது, தானாக உதிரணும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். ஸ்கிரீன் தப்பியதே போதும் என்று நானும் விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் நான் விளாத்திகுளத்தில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது, கடையின் தீபாவளித் தள்ளுபடிக்கு என் லேப்டாப்பில் அவரே போஸ்டர் செய்யக் கிளம்பியிருக்கிறார். காசு கட்டி வாங்க வேண்டிய டிசைன் சாஃப்ட்வேரை ஏதோ ஒரு சைட்டில் ஓசியில் இறக்கியிருக்கிறார். ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும் என்று அதிலேயே போட்டிருந்ததாம். நான் சொன்ன பேச்சை ஒருநாளும் கேட்காதவர், முகம் தெரியாதவன் சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்துவிட்டார். இதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

தீபாவளி முடிந்த ஞாயிற்றுக்கிழமை காலை, குளித்துவிட்டு வந்து சேலை கட்டி முடித்துத் திரும்பினேன். லேப்டாப்பின் மேல்விளிம்பில் பொட்டுப் போலப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எங்கள் மீட்டிங்கில் யாரும் முகம் காட்டுவதில்லை. நான் அந்தக் கேமராவைப் போட்டதே கிடையாது. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். சார்ஜ் ஏறுகிற லைட்டாக இருக்கும் என்றார். போனில் தேடிப் பார்த்தேன். நாம் போடாமல் அந்த விளக்கு எரிந்தால், வேறு யாரோ எங்கிருந்தோ கேமராவை இயக்குகிறார்கள் என்று இருந்தது.

லேப்டாப்பை மூடிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தேன். நான் உடை மாற்றுவது அந்த அறையில்தான். எவன் பார்த்தானோ, எத்தனை நாளாகப் பார்க்கிறானோ, படமெடுத்து எங்கே போட்டிருக்கிறானோ என்று நினைக்க நினைக்க உடம்பு கூசியது.

அவர் தானாகவே வந்து போஸ்டர் கதையைச் சொன்னார். குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று அவர் சொன்னாலே பத்து வீடு கேட்க ஏசுகிறவள் நான். அன்று எனக்கு வாயே வரவில்லை. அதைப் பார்த்துத்தான் அவர் ரொம்பப் பயந்துபோனார்.

"ஏளா, ரெண்டு ஏச்சு ஏசிரு. இப்படி உக்காந்திருக்காத" என்றார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

எங்கள் கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் ஜெர்லினுக்குப் போன் செய்தேன். தருவைகுளத்துப் பிள்ளை. மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்த கையோடு ஸ்கூட்டரில் வந்துவிட்டாள். முதல் வேலையாக வைஃபையை அணைத்தாள். அப்புறம் என்னென்ன ஓடுகிறது என்று பார்த்தாள். போஸ்டர் சாஃப்ட்வேரின் வயிற்றுக்குள் இன்னொன்று ஒளிந்து வந்திருக்கிறது. தடுக்க வேண்டிய ஆன்டிவைரஸும் அணைந்து கிடக்க, அது தன் முதலாளிக்கு வழி திறந்துவிட்டிருக்கிறது. லேப்டாப்பைப் போடும்போதெல்லாம் அதுவும் தானாகவே எழுந்துகொள்ளும். ஓரிடத்தில் அழித்தால் இன்னோரிடத்தில் இருக்கிற நகல் திரும்பக் கொண்டுவந்துவிடும்.

"முன்வாசல்ல பூட்டு தொங்குது, அண்ணாச்சி. நீங்களே பின்வாசலைத் தொறந்து ஆளைக் கூட்டிட்டு வந்திருக்கிய" என்றாள் அவரிடம். அவர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய் நின்றார்.

கொஞ்ச நேரத்தில் ஜெர்லினின் கை நின்றது. கேமராவில் எடுத்த படங்களை அது ஒரு மூலையில் சேர்த்துவைத்துத்தான் வெளியே அனுப்பியிருக்கிறது. மவுஸை என் பக்கம் தள்ளிவிட்டு, அவள் முகத்தைச் சுவர் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள்.

"நீங்களே பாருங்க, அக்கா."

திறந்தேன். முதல் படம் ஒரே இருட்டு. லைட் போடாத நேரம் போல என்று அடுத்ததைத் திறந்தேன். அதுவும் இருட்டு, ஓரத்தில் மட்டும் லேசாக மஞ்சள். கடைசிப் படம் வரை அதே மஞ்சள் கலந்த இருட்டுதான். கட்டில் இல்லை, பீரோ இல்லை, நான் இல்லை. ஜெர்லினைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் ஸ்கிரீனைப் பார்த்தாள், அப்புறம் அதற்கு மேலே பார்த்தாள். மேல்விளிம்பின் நடுவில், கேமராவின் கண்ணைச் சரியாக மூடிக்கொண்டு, ஆயுத பூஜைச் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. தினமும் பார்த்துப் பார்த்து அது என் கண்ணுக்கே தெரியாமல் போயிருந்தது.

நான் விக்கி விக்கி அழுதேன். திருச்செந்தூர் முருகா என்று வாய்விட்டே சொன்னேன். ஜெர்லின் தேதிகளையும் சரிபார்த்துவிட்டாள். அந்தச் சனியன் வந்ததே பொட்டு வைத்த பிறகுதான். பேச்சு எதையும் அது பதிவு செய்திருக்கவில்லை.

என் வேலை ஃபைல்களை மட்டும் சோதித்து எடுத்து வைத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் ஒட்டுமொத்தமாக அழித்தாள். இந்த மாதிரி ஒன்று நுழைந்த லேப்டாப்பை அங்கங்கே துடைத்துவிட்டு நம்ப முடியாது என்றாள். விண்டோஸைப் புதிதாகப் போட்டு, ஆன்டிவைரஸை ஓடவிட்டாள். அதற்குள் நான் என் போனிலிருந்து எல்லா பாஸ்வேர்டையும் மாற்றி முடித்தேன்.

வாசலில் நின்றவரை உள்ளே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். பெருமை அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அவரோ பெருமூச்சு விட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பொட்டை லேப்டாப் மூடிக்கு வெளிய வைக்கத்தான் அன்னைக்கு வந்தேன். நீ கத்துன கத்துல கை அங்கன போயிட்டு."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு சிரிப்பாக, காலையில் ஏசாமல் விட்டதும் சேர்ந்து வந்தது. ஓசி சாஃப்ட்வேரில் ஆரம்பித்து, சார்ஜ் லைட்டைத் தொட்டு, கல்யாணத்துக்கு அவர் ஓசியில் பிடித்த வீடியோக்காரன் தாலி கட்டுவதைக் கோட்டை விட்டது வரைக்கும் ஏசினேன். ஜெர்லினுக்கே பாவமாகப் போய்விட்டது. போதும், விடுங்க அக்கா என்று என் கையைப் பிடித்தாள்.

அவர் தரையில் சாய்ந்து உட்கார்ந்தபடி அவளைத் தடுத்தார்.

"ஏசட்டும் தாயி. காலைலேருந்து இதுக்குத்தான் காத்துக் கெடக்கேன்."