சூர்யகலாவிடமிருந்து பத்து மெயில்கள்

கார்த்திகை மழையில் வீட்டுக்குள் முழங்காலளவு தண்ணீர் ஏறியபோது சங்கீதாவின் கம்ப்யூட்டர் நனைந்து நின்றுபோனது. கூனிமேட்டில் ரிப்பேருக்குக் கொடுத்தாள். உப்பளத்தில் தேங்கிய தண்ணீர் வடிந்து, ஆட்கள் பாத்தியைச் சீர்செய்யத் தொடங்கிய தை மாதத்தில்தான் அது கைக்கு வந்தது.

நடுவில் போனில் மெயிலைத் திறக்கப் பார்த்தாள். பாஸ்வேர்டு மறந்திருந்தது, ஓடிபியோ எப்போதோ விட்டுவிட்ட பழைய நம்பருக்குப் போனது. சூர்யகலாதானே எழுதப்போகிறாள், மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

சூர்யகலா அவளோடு மரக்காணத்தில் படித்தவள். வேலூரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். கணவன் நடராசன் தினமும் அவள் போனை வாங்கிப் பார்ப்பான். அதனால் இருபது வருடமாக ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து மெயில் மட்டும்தான். நம்பர்கூடக் கொடுத்ததில்லை.

பத்து மெயில் வந்திருந்தது. சங்கீதா பழையதிலிருந்து படித்தாள்.

"நெஞ்சுல வால்வு ஒண்ணு பழுதாம்டி. பாண்டிச்சேரியில ஆபரேஷன்."

"பதினாலாம் தேதி அட்மிட் ஆவுறேன். உனக்கு ஒரு மணி நேர பஸ்தானே? வந்துட்டுப் போ. கூடப் படிச்சவன்னு அவர்கிட்ட சொல்லிக்கிறேன்."

"பக்கத்து பெட் பொண்ணோட போன்ல எழுதுறேன். சாயங்காலம் நாலு மணிக்குப் பாக்க விடுறாங்க."

"இன்னைக்கும் நாலு மணியிலேருந்து கதவையே பாத்துட்டிருந்தேன். என் மேல கோவமா?"

அந்த வாரம் சங்கீதா பாண்டிச்சேரிக்குப் போயிருந்தாள், மழையில் வீணான பாய் தலையணைக்குப் பதில் புதிதாக வாங்க. பஸ் பிடிக்குமுன் நிதானமாக நின்று கரும்புச்சாறு குடித்தது நினைவுக்கு வந்தது. மணி நாலரை இருக்கும்.

ஒன்பதாவது மெயிலில் ஒரே வரி. "நாளைக்குக் காலையில ஆபரேஷன், பயமா இருக்குது."

கடைசி மெயிலும் அவள் முகவரியிலிருந்தே வந்திருந்தது. எழுதியவன் நடராசன்.

'ஆபரேஷன் முடிந்த இரண்டாம் நாள் சூர்யகலா இறந்துவிட்டாள். உள்ளே போவதற்கு முன் உங்கள் பெயரையும் பாஸ்வேர்டையும் எழுதிக் கொடுத்து, உங்களுக்குச் சொல்லச் சொன்னாள். நிறைய மெயில் இருக்கிறது. எதையும் படிக்கவில்லை. படிக்கலாமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.'

கீழே போன் நம்பர் இருந்தது. சங்கீதா இரண்டு தரம் தப்பாக அழுத்திவிட்டு மூன்றாம் தரம் கூப்பிட்டாள்.

"நான் சங்கீதாங்க. மரக்காணம்."

எடுத்தவன் நடராசன்தான்.

"உங்கள ரொம்ப எதிர்பாத்தாம்மா."

"கம்ப்யூட்டர் ரிப்பேருங்க... இன்னைக்குத்தான் வந்துது." சொன்ன பிறகு அவளுக்கே அது ஒரு காரணமாகத் தோன்றவில்லை. அழுதாள். அவன் போனை வைக்காமல் காத்திருந்தான்.

"படிக்கலாங்களா?" என்று பிறகு கேட்டான்.

இருபது வருடமாக வந்த மெயில்கள் முழுக்க அவனைப் பற்றித்தான். அவன் பேசியது, அடித்தது, அவள் அழுதது. சங்கீதாவுக்குக் கோபம் வந்தது. பாஸ்வேர்டை அவன் கையில் கொடுத்தவள் சூர்யகலாதான் என்பதும் நினைவுக்கு வந்தது.

"படிங்க. எல்லாத்தையும் படிங்க. உங்களுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும்."

"தெரியும்மா."

"காரியம் என்னைக்குங்க? நான் வர்றேன்."

"அதெல்லாம் முடிஞ்சு ரெண்டு வாரம் ஆவுது."