ஆறு தடவை முடித்த ஆட்டம்

அப்பாவின் பட்டுக்கரை வேட்டியைத் தேடித் தறி அறைக்குள் வந்த மஹாலட்சுமியின் கண்ணில் கம்ப்யூட்டர் மேஜை மேலிருந்த அந்த சிடி டப்பாதான் முதலில் பட்டது. சட்டென்று கவிழ்த்து வைத்தாள். வெளியே அப்பா குப்புசாமியின் உடலைக் குளிப்பாட்டக் குடம் குடமாகத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

டப்பாவில் இருந்தது ஒரு புதையல் வேட்டை ஆட்டத்தின் மூன்றாம் பாகம். முதல் இரண்டையும் அப்பாவும் பெண்ணும் சோறு தண்ணீர் மறந்து ஆடியவர்கள். தறியில் நாடாக்கட்டை தள்ளி நெய்து பழகிய கைக்கு அந்தப் பட்டன்கள் எம்மாத்திரம்? மூன்றாம் பாகத்துக்குப் படம் வரைகிற வேலை சென்னையில் அவள் கம்பெனிக்கே வந்தபோது மனுஷனைக் கையில் பிடிக்க முடியவில்லை. தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். வந்து சேர்ந்த ஆட்டமோ படு சொதப்பல். கதாநாயகன் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கிறான், கதை அந்தரத்தில் தொங்குகிறது. ஆடியவர்கள் எல்லாரும் காறித் துப்பினார்கள். "ஆடாதப்பா, கேவலமா வந்துருக்குது" என்று போனில் அழுதாள். "சரிம்மா" என்றார். இருபது நாள் கழித்து, நேற்றுக் காலை, தறியிலேயே சாய்ந்துவிட்டார். கடைசியில் அப்பாவைத் தலைகுனிய வைத்துவிட்டோமே என்பதுதான் அவளைத் தின்றுகொண்டிருந்தது.

வேட்டிக்காக உள்ளே வந்த சித்தப்பா மயில்வாகனம், தறியில் உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக வரும் இடத்தில் குத்தியிருந்த ஒரு கட்டத்தாளைப் பிடுங்கிப் பார்த்தார். கரைக்கும் புட்டாவுக்கும் டிசைன் போடுகிற தாள். அதில் சிவப்பு மையால் கட்டம் கட்டமாக நிரப்பிய இங்கிலீஷ் எழுத்துகள்.

"இன்னாம்மா இது, புது டிசைனா?"

வாங்கிப் பார்த்தாள். அவள் பெயர். அப்பாவுக்கு இங்கிலீஷ் ஓரெழுத்து தெரியாது.

வாசற்படியில் சுருண்டு உட்கார்ந்திருந்த அம்மா கலாவதி தலையைத் தூக்கவில்லை. "நீ ஆடாதன்னு சொன்ன அன்னிக்கே ஒக்காந்துட்டாரு. தறியில ஒரு பாவு நூல் ஏத்துனா மூணு பொடவை, ரெண்டோட அறுத்துட முடியுமான்னாரு. திட்டிக்கினேதான் ஆடுனாரு. சொத்தை ஆட்டம்தான், எனக்கே தெரியுது. ஜெயிச்சா கடைசில வேலை செஞ்சவங்க பேருங்க ஓடுது. உன் ஹால் டிக்கெட்ட பக்கத்துல வெச்சிக்கினு உன் பேரைக் கண்டுபுடிச்சாரு. எழுதறதுக்குள்ள மேல போயிடுது. மறுபடி அந்தக் கடைசி சண்டையப் போட்டு, ரெண்டு ரெண்டு எழுத்தா புடிச்சாரு. ஆறு வாட்டி."

"ஹால் டிக்கெட்லயே இருக்குதேம்மா."

"அதத்தான் நானும் கேட்டேன். அது நாம குடுத்த பேரு, இது அவங்க போட்ட பேருன்னாரு. தறியில இருக்கற இந்தப் பொடவை முந்தியில ஓரமா போடப்போறேன்னு சொல்லிக்கினு இருந்தாரு."

மஹாலட்சுமி தறிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். நேற்றிலிருந்து வராத அழுகை. சித்தப்பா அது ஓயும்வரை நின்றார்.

"அண்ணன் சொல்லிக்கினே இருந்தாரும்மா. நல்லாருக்குமா அந்த ஆட்டம்?"

"நல்லாருக்காது சித்தப்பா." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா அதுல வர்ற சொவரு அத்தனையும் நான் வரைஞ்சது."

தாளை அதே ஆணியில் குத்தினாள். கவிழ்த்த டப்பாவை நிமிர்த்தி வைத்துவிட்டு, பீரோவைத் திறந்து வேட்டியை எடுத்துக் கொடுத்தாள்.