கேப் போட்ட மூன்றாம் நாள்

காது மடலிலிருந்து நாடி வரை நேற்று அஞ்சேகால் இஞ்ச். இன்று காலை ஆறு இஞ்ச். ஊரார் உடம்பையெல்லாம் அளந்து பழகிய தையற்காரியின் கை, வீங்கிய தன் கன்னத்தையும் விட்டுவைக்கவில்லை.

முந்தாநாள்தான் கடைவாய்ப் பல்லுக்குக் கேப் போட்டிருந்தது. போட்டவன் வேறு யாருமில்லை, நாத்தனார் பெற்ற சீமந்தபுத்திரன். கிளினிக் திறந்து ஒரு வாரம்தான் ஆகிறது. முதல் கேப்பே தம்பி பெண்டாட்டிக்குத்தான் என்று நாத்தனார் தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டு வந்திருந்தாள். இப்போது அதே தெரு பார்த்துவிடக் கூடாதே என்று, காலையிலேயே வந்து வாசல் கதவுக்குத் தாழ் போட்டுவிட்டாள். தம்பியோ வேலை விஷயமாக வெளியூர்.

"இந்த மூஞ்சியோட வெளிய தலை காட்டினே, அவன் பொழப்புல மண்ணுதான். ரெண்டு நாள்ல தானா வத்திரும்."

"உயிர் போகுது அண்ணி. அவன்கிட்ட ஒரு வார்த்தை..."

"எல்லாம் சொல்லியாச்சு. சூடா ஒத்தடம் குடுக்கச் சொன்னான்."

சொன்னதோடு நிற்கவில்லை. வெட்டு மேசையில் கிடந்த லைனிங் துணியை எட்டாக மடித்து, இஸ்திரிப் பெட்டியை அழுத்தித் தேய்த்து, ஆவி பறக்கக் கன்னத்தில் வைத்தாள். முதல் பத்து நிமிஷம் சுகம்தான். பிறகு பல்லுக்குள் யாரோ உட்கார்ந்து மெஷின் மிதிப்பது போலத் தெறிக்க ஆரம்பித்தது. நாத்தனார் மறுபடி தேய்த்தாள், மறுபடி வைத்தாள். நேற்று வாய்க்குள் இரண்டு விரல் நுழைந்தது. இன்று ஒன்றே முக்கி முனகித்தான் போனது.

பதினோரு மணிக்கு ஒரு வாய் தண்ணீர் குடித்துப் பார்த்தாள். பாதி கடைவாயில் வழிந்தது. மீதி தொண்டையிலேயே நின்றது. விழுங்க முடியவில்லை. தாடைக்குக் கீழே தொட்டால் பலகை மாதிரி இருந்தது.

அதற்கப்புறம் அவள் யாரையும் கேட்கவில்லை. எழுந்துபோய்த் தாழை நீக்கினாள்.

"முந்தானையாலயாவது மூடிக்கிட்டுப் போயேன்டி!"

துணி பட்டாலே உயிர் போகிறது, எங்கே மூடுவது? திறந்த முகத்தோடு நடந்தாள். எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் கையில் இருந்ததைக் கீழே போட்டாள். சைக்கிளில் வந்தவர் இறங்கியே பார்த்தார். பின்னாலேயே நாத்தனார், "தேனீ கொட்டிருச்சுங்க, தேனீ" என்று ஒவ்வொரு வீட்டுக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டு ஓடிவந்தாள்.

கிளினிக்கில் நாலு பேர் காத்திருந்தார்கள். வெளியே வந்த டாக்டருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"அத்தை! என்னைக்கிலேருந்து இப்படி?"

அவள் இரண்டு விரலைக் காட்டினாள்.

"அம்மா, காலைல கேட்டேனே! கல்லைக்கூடக் கடிப்பா, அவ்வளவு நல்லா இருக்கான்னீங்க?"

நாத்தனார் மூச்சு வாங்குவதில் மும்முரமாக இருந்தாள்.

டாக்டர் தாடையைத் தொட்டுப் பார்த்தான். "முழுங்க முடியுதா?"

தலையாட்டல்: இல்லை.

"இது இங்க பாக்குற விஷயமில்ல. வீக்கம் மூச்சை அடைச்சிரும். இப்பவே பெரிய ஆஸ்பத்திரி." காத்திருந்தவர்கள் பக்கம் திரும்பினான். "வேருல சீழ் இருந்திருக்கு. நான் சரியாப் பாக்காம கேப் போட்டுட்டேன். என் தப்பு. நீங்க நாளைக்கு வாங்க."

"டேய், நாலு பேர் முன்னாடி..."

"வண்டியைக் கூப்பிடுங்கம்மா!"

ஆஸ்பத்திரியில் கீறிச் சீழை எடுத்தார்கள். சாயங்காலம் ஒரு ஸ்பூன் தண்ணீர் உள்ளே இறங்கியது. இன்னும் அரை நாள் விட்டிருந்தால் என்று பெரிய டாக்டர் ஆரம்பித்து, முடிக்காமல் விட்டார்.

நர்ஸ் கேஸ் அட்டையை எடுத்துக்கொண்டு வந்தாள். "கேப் போட்டது யாரு?"

நாத்தனார் புடவைத் தலைப்பை இரண்டு முறை திருகினாள். "என் பையன்தான்."

"கன்னம் வெந்திருக்கே. இதுக்கு மேல சூட்டு ஒத்தடம் குடுத்த புண்ணியவான் யாரு?"

நாத்தனாருக்குத் திடீரென்று ஜன்னலுக்கு வெளியே ஏதோ முக்கியமாகத் தெரிந்தது. வாயில் பஞ்சோடு படுத்திருந்த தையற்காரி, போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து, விரலை நேராக நீட்டினாள்.