தலையணை

ஸ்கேன் மேசைக்கு மாற்ற நான்கு பேர் ஒரே மூச்சில் தூக்கினார்கள். ஐந்தாமவர் தம்பியின் தலையை மட்டும் இரு கைகளாலும் பிடித்தபடி, நூலளவும் திரும்பவிடாமல் கூடவே நகர்ந்தார். அக்கா வாசலில் நின்று பார்த்தாள். காலையில் அவள் அப்படிப் பிடிக்கவில்லை.

மின்விசிறியைத் துடைக்க ஏணியில் ஏறியவன் பிடரி அடிபட விழுந்தான். வெறுந்தரையில் கிடக்கிறானே என்று தலையைத் தூக்கித் தலையணை ஒன்றைச் செருகினாள். அவ்வளவுதான்.

"விழுந்த பிறகு யாராவது இவர் தலைய தூக்கினீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் தம்பி முந்திக்கொண்டான். "இல்லீங்க. நானேதான் புரண்டு படுத்தேன்."

கையையே அசைக்க முடியாதவன். டாக்டர் ஒரு கணம் அவனைப் பார்த்துவிட்டு அப்படியே எழுதிக்கொண்டார்.

கழுத்துப் பட்டைக்கு மேலே அவன் கண்கள் மட்டும் அவளைத் தேடின. "இனிமே நீ சொல்றதுக்கெல்லாம் என்னால தலையாட்ட முடியாதுக்கா."

"என்னைக்குடா ஆட்டியிருக்கே? வாய மூடிட்டுப் படு."

அதுதான் அவனிடம் அவள் கடைசியாகப் பேசியது. மதியத்துக்குள் மூச்சு தளர்ந்தது. தொண்டையில் சுவாசக் குழாய் வைத்துக்கொண்டிருக்கும்போதே இதயம் நின்றுவிட்டது.

டாக்டர் திரையில் காட்டினார். படிகள் மாதிரி அடுக்கியிருந்த கழுத்தெலும்புகளில் ஒன்று மட்டும் முறிந்து முன்னால் நகர்ந்திருந்தது.

"இது விழுந்தப்பவே நகர்ந்ததா டாக்டர்? இல்ல... அப்புறமா?"

"நகர்ந்திருக்குன்னு படம் சொல்லும்மா. எப்பன்னு சொல்லாது. ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்."

தலையணை வைக்கும் முன் அவன் விரல்கள் அசைந்தனவா? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள இருந்த ஒரே ஆள் அவன்தான்.

உடலைத் தர நேரமாகும் என்றார்கள். அவள் கால்கள் தாமாகவே ஸ்கேன் அறை வாசலுக்கு வந்தன. பெஞ்சில் இருந்த பெண் நகர்ந்து இடம் விட்டாள்.

"உங்களுக்கு யாரும்மா?"

"தம்பி."

"எங்க வீட்டுக்காரரு படியில உருண்டுட்டாரு. நான் கிட்டக்கூட போகல. தலையத் தொடக்கூடாதாமே?"

"ஆமா. தொடக்கூடாது."

"நல்லவேளை." அந்தப் பெண் பெருமூச்சு விட்டாள். "உங்க தம்பிய இன்னும் வெளிய கொண்டுவரலையா?"

"இல்ல."

உள்ளே இயந்திரம் சுழலும் ஓசை நின்றது. கதவு திறந்ததும் காத்திருந்தவர்கள் எல்லோரும் எழுந்தார்கள். அவளும் எழுந்தாள்.