காலை ஷிஃப்ட், வாசல்

எங்கள் சிறையில் யார் யாருக்குக் காவல் என்பதில் வெளியே இருப்பவர்களுக்குக் குழப்பமே கிடையாது. தோளில் பட்டை இருந்தால் காவலர், மார்பில் எண் இருந்தால் கைதி. உள்ளே வந்து இரண்டு மாதம் வேலை பார்த்தால் அந்தத் தெளிவெல்லாம் போய்விடும்.

நாங்கள் அறுபது காவலர்கள். காலை ஆறு முதல் இரண்டு, இரண்டு முதல் பத்து, பத்து முதல் மறுநாள் ஆறு என்று மூன்று ஷிஃப்ட். கோபுரம், வாசல், சமையல்கூடம், தொழிற்கூடம் என்று யாரை எங்கே நிறுத்துவது என மாதாமாதம் பட்டியல் போட வேண்டும். அது தலைமைக் காவலரின் வேலை. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கணக்குப்புலி. சாயங்காலம் கைதிகளை மூன்று தரம் எண்ணி மூன்று விடை சொல்லுவார், அதனால் வந்த பெயர். அவர் தன் கையால் போட்ட ஒரே ஒரு பட்டியலில் கோபுரத்துக்கு ஒரே ஆளை மூன்று ஷிஃப்டும் போட்டு, வாசலுக்கு ஆளே போடாமல், ஓய்வு பெற்று வீட்டுக்குப் போன ஒருவரைச் சமையல்கூடத்துக்கு அனுப்பியிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் வந்து சேர்ந்தார் ரைட்டர். ரைட்டர் கைதி. ஏதோ அலுவலகத்தில் எழுத்தராக இருந்து, அதிகாரியின் கையெழுத்தைத் தானே போட்டுச் சான்றிதழ் கொடுத்தாராம். நாலு வருஷம் தண்டனை, அதில் பாதி வேறு சிறையில் போனது. இங்கே வந்ததும் தினமும் கணக்குப்புலியின் கையெழுத்தைப் போட ஆரம்பித்தார். வெளியே போட்டால் குற்றம், உள்ளே போட்டால் நன்னடத்தை.

பட்டியல் போடுவதில் மனுஷனை அடித்துக்கொள்ள ஆளில்லை. முதுகு வலிக்காரனைக் கோபுரம் ஏற்ற மாட்டார். பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பேரை ஒரே வாசலில் நிறுத்த மாட்டார். எவன் நாற்காலியில் உட்கார்ந்த அஞ்சாவது நிமிஷம் குறட்டை விடுவான் என்பது வரை அவருக்கு அத்துப்படி. மாதக் கடைசியில் பட்டை போட்ட நாங்கள் ஒவ்வொருவராகப் போய் எண் போட்ட மனுஷனிடம் நைசாகப் பேசுவோம். ஒருவன் பேனா வாங்கிக் கொடுப்பான், ஒருவன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக் கொடுப்பான். மானம் ரோஷமெல்லாம் மாதம் பிறந்த பிறகுதான்.

இதில் என் பங்கு என்ன என்று கேட்பீர்கள். நான் தொழிற்கூடத்தில் பைண்டிங் பிரிவுக்கு மேற்பார்வை. எந்த ஷிஃப்ட் விழுந்தாலும் அந்த ரெஜிஸ்டர் என் பொறுப்பு; ராத்திரி ஷிஃப்ட் என்றால் காலையில் அங்கே போய் எழுதிவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவேன். மேற்பார்வை என்றால் நாற்காலியில் உட்கார்ந்து, கைதிகள் நோட்டு தைப்பதைப் பார்த்து, இன்னார் இத்தனை நோட்டு கட்டினார், வேலை திருப்தி என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது. காகிதப்படி ரைட்டரும் என் பிரிவுதான். ஆனால் அவர் உட்கார்ந்திருப்பது கணக்குப்புலியின் அறையில். பைண்டிங் ஊசியை அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. நான் மட்டும் இரண்டு வருஷமாக விடாமல் ‘பன்னிரண்டு நோட்டு, திருப்தி’ என்று எழுதி வந்தேன். அந்தத் ‘திருப்தி’தான் அவருக்கு நாற்பது நாள் தண்டனைக் குறைப்பு. வருகிற பதினாலாம் தேதி காலை எட்டு மணிக்கு விடுதலை. ஒரே மகள் வந்து கூட்டிப் போவாள் என்று என்னிடம் நாலைந்து தடவை சொல்லிவிட்டார்.

அப்போது எனக்கு வீட்டில் வேறு ரகளை. மூன்று மாதமாக ராத்திரி ஷிஃப்ட். என் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் சாயங்கால வேலை. நான் கிளம்பும் நேரத்துக்கு அவள் வர முடியாது, பக்கத்து வீட்டில் விட்ட குழந்தை அழுதே தூங்கும். அடுத்த மாதமும் ராத்திரி என்றால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன் என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் செய்வாள்.

இருபத்தெட்டாம் தேதி கணக்குப்புலி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ரைட்டர் போய்விட்டால் பட்டியல் நாறிவிடும், வேறு ஆள் சிக்கும் வரை அவரை எப்படியாவது நிறுத்த வேண்டும் என்றார்.

“ஒண்ணும் பெரிசா இல்லய்யா. வேலை திருப்தி இல்லைன்னு ஒரு ரிப்போர்ட். நாப்பது நாள் போயிடும், அவ்வளவுதான். உனக்குக் காலை ஷிஃப்ட்.”

நான் யோசித்தேன் என்று சொல்ல ஆசைதான். யோசிக்கவில்லை. சரிங்க என்றேன். ரைட்டர் பைண்டிங் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதது நிஜம்தானே என்று மனசுக்குள் ஒரு சப்பைக்கட்டு வேறு. கேவலம் என்னவென்றால், இரண்டு வருஷத்தில் அந்த ரெஜிஸ்டருக்காக நான் எழுதவிருந்த முதல் உண்மை அதுதான்.

ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தால் எனக்கும் வரவில்லை, புலிக்கும் வரவில்லை. நாலு காகிதம் கிழிந்தது. கடைசியில் புலி பழக்கதோஷத்தில் செய்கிற காரியத்தைச் செய்தார். எதை எழுத வேண்டுமானாலும் எங்களுக்கு ஒரே வழிதான். கதவைப் பார்த்து, “ரைட்டரே, இத கொஞ்சம் எழுதிக் குடுப்பா” என்று கூப்பிட்டு, கிறுக்கின காகிதத்தை நீட்டிவிட்டார். நீட்டிய பிறகுதான் எங்கள் இரண்டு பேருக்கும் உறைத்தது.

ரைட்டர் கிறுக்கலைப் படித்தார். தன் எண்ணைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். நான் சுவரில் தொங்கிய சாவிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

“திருப்தி இல்லைன்னு போட்டா போதுமா சார், அறவே திருப்தி இல்லைன்னு போடட்டுமா?” என்றார்.

புலி இருமினார். ரைட்டர் முத்து முத்தான எழுத்தில், ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிக் கொடுத்தார். நான் கையெழுத்துப் போட்டேன். மேலே கண்காணிப்பாளர் எழுத்தழகைப் பாராட்டிவிட்டு ஒப்புதல் கொடுத்தாராம்.

மறுநாள் ரைட்டர் அடுத்த மாதப் பட்டியலோடு தொழிற்கூடத்துக்கே வந்தார். இரண்டு வருஷத்தில் முதல் தடவை. எனக்குக் காலைதான் போட்டிருப்பதாகச் சொல்லி, எந்த இடம் வேண்டும் என்று கேட்டார். முகத்தில் கோபமும் இல்லை, ஒன்றும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

“எங்க வேணா போடு ரைட்டரே,” என்றேன்.

ஒட்டின பட்டியலில் என் வரி முழுக்கக் காலை, காலை, காலை. செல்போனில் படம் பிடித்து மனைவிக்கு அனுப்பினேன். இடம் எழுதிய வரியை யார் மொத்தமாகப் பார்த்தார்கள், மறுநாளைக்கு எங்கே என்று மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புவேன். பதின்மூன்றாம் தேதி மதியம் கிளம்பும்போது பார்த்தேன், மறுநாள் எனக்கு வாசல். வாசலில் ஃபேன் உண்டு, நல்ல நாற்காலி உண்டு. ராசிதான் என்று வீட்டுக்குப் போனேன். தேதி மண்டையில் ஏறவே இல்லை.

மறுநாள் எட்டு மணிக்கு ஒரு பெண் சின்னக் கதவைத் தட்டினாள். இருபது, இருபத்தொரு வயசு இருக்கும். கையில் ஒரு பை, அதில் இஸ்திரி போட்ட சட்டையும் புதுச் செருப்பும் மேலாகவே தெரிந்தன. முகம் முழுக்கச் சிரிப்பு. நெற்றியும் மூக்கும் அப்படியே ரைட்டர். அப்போதுதான் பதினாலாம் தேதி என்பது மண்டையில் ஏறியது.

உள்ளே இருந்து கடிதம் எதுவும் வரவில்லையா என்று கேட்டேன். போன வாரம் வந்ததாம். எடுத்துக் காட்டினாள். அதே முத்து முத்தான எழுத்து.

“வாசல்ல இருக்கற சார்கிட்ட கேளு, அவருக்கு எல்லாம் தெரியும்னு எழுதியிருக்காரு சார்.”

இன்றைக்கு விட மாட்டார்கள், இன்னும் நாற்பது நாள் ஆகும் என்று தரையைப் பார்த்துச் சொன்னேன். சிரிப்பு உடனே போய்விடவில்லை. நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பாள் போல.

“அப்பா என்ன சார் தப்பு பண்ணாரு?”

“வேலை சரியில்லம்மா,” என்றேன்.

“யாரு சார் சொன்னது?”

என் சட்டைப்பையில் பேனா இருந்தது. அதைக் கையால் மூடிக்கொண்டு, மேலிடத்து முடிவு என்றேன். அவள் போய் வாசலுக்கு நேர் எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். மணி எட்டேகால். என் ஷிஃப்ட் முடிய இன்னும் ஐந்தே முக்கால் மணி நேரம் இருந்தது.